வீதியும் விரலும்

தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியை (1933–1975) பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒன்று பரம்பரைக் கணக்கு: இணுவில் விசுவலிங்கத்தின் மகன், யாரிடம் பழகினார், எந்த நாதசுரத்துக்குத் தவில் வாசித்தார், என்ன பட்டம் வாங்கினார். மேளகாரரை, திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர் வீட்டில் எங்கே இருத்தினார்கள் என்ற கேள்வி மட்டும் அதில் எழாது.

மற்றது அந்தக் கேள்வியைக் கேட்கும் சமூகவியல் கணக்கு. அப்படிக் கேட்கப் பழக்கியவர்கள் மார்க்சிய விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும். அவர்கள் வழியில் பார்த்தால் தவில் என்பது பிறப்பால் வந்த தொழில், கோயில் முறை, ‘என்ர திருவிழாதான் பெரிசு’ என்ற உபயகாரர் போட்டி. ஒரே இரவில் ஒரே வீதிக்கு நாலைந்து கூட்டம் மேளம் ஏன் பிடித்தார்கள் என்பதைத் தாள இலக்கணம் சொல்லாது. காசும் சாதியும் சொல்லும். 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயில் வாசலை மறித்த சமூகம் இது. இங்கே அழகை மட்டும் பேசுவது ஒரு கண்ணைப் பொத்திக்கொள்வதுதான்.

ஆனால் தவிலின் வலது பக்கமான வலந்தலைக்கு வந்ததும் இந்த முறை தடுக்கி விழுகிறது. அதே தெருவில், அதே பரம்பரையில் எத்தனையோ பிள்ளைகள் தவில் வாசிக்க விரலில் கூடு போட்டார்கள். ஒலிநாடாவில் எஞ்சியிருக்கும் தெட்சணாமூர்த்தியின் தனி ஆவர்த்தனத்தைக் கேளுங்கள்: வேகம் ஏற ஏற, தவிலின் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெறித்து விழும். ஏன் இந்த ஒரு கையில் மட்டும்? சமூகவியல் இங்கே மௌனமாகிவிடுகிறது. அதைவிட மோசம், விளக்கிவிட்டதாக நினைத்துக்கொள்வது. நான் படித்த சில ஆய்வேடுகளில் சமூகப் பின்னணிக்கு மூன்று அத்தியாயம், வாசிப்புக்கு ஒரு பந்தி.

பிழை முழுக்க ஆய்வாளருடையது என்றும் சொல்லமாட்டேன். கலை வரலாற்றுக்குக் கையில் பொருள் வேண்டும். நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1995இல் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்தது. பொருள் போன இடத்தில் பின்னணிதானே மிஞ்சும்?

ஓவியர் தா. சனாதனன் 2011இல் அந்த இழப்பையே பொருளாக்கினார். ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவை நினைவூட்டும் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற நூல் அது. இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறினார்கள். அந்தக் கீறல் அளவுப் படமானது. கூடவே சனாதனனின் சித்திரமும் வந்தது. சாட்சியம் எங்கே முடிகிறது, கோடு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க வராது.

தவிலுக்கும் இப்படியொன்று செய்யலாம். ஒலிநாடாவை ஓடவிட்டு, வயதான மேளகாரர் ஒருவரைப் பக்கத்தில் கதிரையில் இருத்தி, இது எந்தக் கோயில், யாருடைய உபயம், இந்த இடத்தில் கை என்ன செய்கிறது என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதவேண்டியதுதான்.