தானே முழுமை பெற்றவனா?
(‘ஹய் இப்னு யக்ளான்’ – ஒரு மறுவாசிப்பு)

மனிதன் தன்னுள் பொதிந்து கிடக்கும் ஆற்றல்களை முழுமையாக மலரச் செய்வது பற்றிப் பேசுவோர் பலரும் அதனைத் தனியொருவனின் உள்முயற்சியாகவே காண்கின்றனர். இக்கருத்துக்கு அரபு இலக்கியத்தில் சான்று தேடுவோர் கைக்கு முதலில் எட்டுவது, அந்தலூஸின் பேரறிஞர் இப்னு துஃபைல் (இறப்பு 1185) இயற்றிய ‘ஹய் இப்னு யக்ளான்’ என்னும் தத்துவக் கதையாகும். முவஹ்ஹிதூன் ஆட்சியாளர் அபூ யஃகூப் யூஸுஃபின் மருத்துவராக விளங்கியவர் இவர். இப்னு ருஷ்தை அரசவைக்கு அறிமுகம் செய்தவரும் இவரே. 1671இல் எட்வர்ட் போகாக் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தபோது, ‘தானே கற்ற தத்துவ ஞானி’ எனப் பொருள்படும் தலைப்பைச் சூட்டினார். நூலைப் பிற்காலத்தார் வாசித்த முறைக்கும் அத்தலைப்பே வழிகாட்டியாயிற்று எனலாம்.

எனினும், மூலத்தை ஊன்றிக் கற்போர்க்கு வேறொரு காட்சி புலப்படும். ஆளற்ற தீவில் விடப்பட்ட குழந்தை ஹய்யைப் பாலூட்டி வளர்ப்பது ஒரு பெண்மான். அது இறந்துபட, அதனைச் செயலறச் செய்த தடை எதுவெனக் கண்டு நீக்கும் துடிப்பில் அவன் அதன் நெஞ்சைப் பிளந்து பார்க்கிறான். இதயத்தின் வெறுமையான அறையைக் கண்டு, அங்கிருந்து அகன்ற ஏதோ ஒன்றே தன் தாய் என உணர்கிறான். அவனது மெய்ஞ்ஞானத் தேட்டத்தின் முதற்படி இதுவே. ஆகவே, ஹய்யின் அறிவு பிறப்பது தனிமையிலன்று. பெற்ற அன்பிலும் இழந்த துயரிலுமே ஆகும்.

இறைவனை அறிந்த பின்னரும் இப்பண்பு அவனை விட்டு அகலவில்லை. வானகக் கோள்கள் உலகுக்கு நலம் பயப்பதுபோல் தானும் பயன்பட விழைகிறான். செடியின்மேல் விழும் ஒளியை மறைப்பதை அகற்றுகிறான். வாடியதற்கு நீர் வார்க்கிறான். விலங்கின் உடலில் தைத்த முள்ளைக் களைகிறான். வளர்ச்சி என்பது பிறவற்றின் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கும் தடையை நீக்குவதே என்று இதற்குப் பொருள் கொள்வது பிழையாகாது.

நூலின் சிக்கல் இறுதிப் பகுதியில் எழுகின்றது. ஏறத்தாழ ஐம்பது வயதில் அப்ஸால் என்னும் அடியாரைச் சந்திக்கும் ஹய், அவரிடம் மொழி கற்று, வேதம் உரைப்பதும் தான் கண்டதும் ஒன்றே எனத் தெளிகிறான். பின்னர் ஸலாமான் ஆளும் தீவுக்குச் சென்று மக்களுக்கு அகப்பொருளைப் போதிக்கிறான். அவர்களோ முகம் சுளிக்கின்றனர். இரவும் பகலும் மென்மையாக முயன்றும் பயனின்றி, அவர்கள் ஷரீஅத்தின் வெளித்தோற்ற நெறியைப் பற்றிக்கொண்டிருப்பதே போதுமெனக் கூறி மன்னிப்பு வேண்டி, அப்ஸாலுடன் தன் தீவுக்கே திரும்பிவிடுகிறான்.

இம்முடிவை முதிர்ச்சியின் அடையாளமாகப் போற்றுவோர் உளர். மக்களின் தகுதியறிந்து பேசுவது அறிஞர்க்கு அழகே. ஆயினும், வாடிய செடிக்கு நீர் வார்த்தவன் மனிதர்களை மட்டும் அவர்கள் நிலையிலேயே விட்டுச் செல்வதில் நூலின் அறம் தளர்ந்துவிடுகிறது என்பதே நமது கருத்து. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிராக் குகையில் தனித்திருந்தார்கள். வஹீ அருளப்பட்ட பின்னர் மலையிறங்கி மக்களிடையே வந்தார்கள். மறுப்பும் துன்பமும் நேர்ந்தபோதும் குகையைத் தம் புகலிடமாக ஆக்கிக்கொள்ளவில்லை. சமுதாயம் உருவானது அந்த இறக்கத்தினால்தான்.

அரபுக் கல்லூரி வகுப்பறையில் ஆண்டுகள் பல கழித்த எமக்கு இக்கதை ஓர் எச்சரிக்கையாகவும் அமைகிறது. ‘இவனுக்கு இவ்வளவு போதும்’ என்று எத்தனை மாணவரை நாம் உள்ளத்துள் ஒதுக்கியிருப்போம்! அவ்வாறு எண்ணும் கணத்திலேயே ஆசிரியன் தன் தீவுக்குத் தோணி ஏறிவிடுகிறான். மாணவனின் வளர்ச்சி மட்டுமன்று, ஆசிரியனின் வளர்ச்சியும் அத்துடன் நின்றுவிடுகிறது.

‘ஹய் இப்னு யக்ளான்’ கற்கத் தகுந்த நூல். அதனைத் தனிமையின் புகழ்மாலையாக அன்றி, மானிடம் பட்ட கடனை மனிதரிடம் தீர்க்க முயன்று தோற்ற ஒருவனின் வரலாறாகக் கற்பதே அந்நூலுக்கு நாம் செய்யும் நீதியாகும்.