எப்வேத் பாதிரிமனையும் நெடுந்தீவுக் கல்மனையும்

கட்டடக்கலை பற்றி எழுதப் புகுவோர் கோயிலையும் கோட்டையையும் விரித்துரைத்து, மாந்தர் குடியிருந்த மனையை ஒரு வரியிற் கடந்து செல்வர். நெடுந்தீவின் பழைய கற்கட்டடம் உரிய மதிப்பைப் பெறாமைக்கு இவ்வழக்கமும் ஒரு காரணமாகும். அதற்குக் கோட்டை என்னும் பெயர் நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணக் கோட்டையின் ஐங்கோண வடிவையும் அகழியையும் மனத்திற்கொண்டு அங்குச் செல்வோர் ஏமாற்றமுற்று, குதிரைகளைப் பார்க்கப் போய்விடுகின்றனர். இருமாடிக் கல்மனையாக அதனை நோக்குவோர்க்கு வேறொன்று புலப்படும்.

அவ்வாறு நோக்குதற்கு இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாதிரிமனை ஒன்று துணைபுரியும். லிங்கன்சயரிலுள்ள எப்வேத் என்னும் ஊரிலே சாமுவேல் வெஸ்லி என்னும் குருவானவர் வாழ்ந்த மனை மரமும் சாந்தும் வைக்கோற் கூரையுங் கொண்டது. 1709ஆம் ஆண்டில் அது தீக்கிரையாயிற்று. ஐந்து வயதினரான அவர் மைந்தர் ஜோன் வெஸ்லி மேல்மாடிச் சாளரத்தின் வழியே காப்பாற்றப்பட்டார். மீண்டும் எழுந்த மனை செங்கல்லால் ஆயது. தீக் கற்பித்த பாடம் எனலாம். அச்செங்கன்மனை இன்று அரும்பொருளகமாகப் பேணப்படுகின்றது. அம்மைந்தர் தோற்றுவித்த இயக்கத்தினர் 1814இல் யாழ்ப்பாணம் வந்தனர். ஆறுமுக நாவலர் ஆங்கிலங் கற்றதும் அவர்தம் பாடசாலையிலேயே என்பதை நோக்க, அம்மனை நமக்கு முற்றும் அயலானதன்று.

எப்வேத் அமைந்துள்ள அக்ஸ்ஹோம் ஒருகாலத்திற் சதுப்புநீர் சூழ்ந்த தீவாய் இருந்தது. அந்நீரை வடிக்க 1626இல் உடன்பட்டவர் வெர்முயிடன் என்னும் ஒல்லாந்தர். நம் தீவகத்துக்கோ ஒல்லாந்தர் பெயர்களைச் சூட்டினர்: காரைதீவு அம்ஸ்ரர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுட் கடைசிப் பெயரே இன்றும் வழங்குகின்றது.

போர்த்துக்கேயர் காலத்ததென்று கூறப்படும் நெடுந்தீவுக் கட்டடத்தை அந்நியர் சின்னமென்று ஒதுக்குவாரும் உளர். கோயில்களை இடித்தவர்மேற் கொண்ட சினம் நியாயமானதே. ஆயினும் கட்டளை எவருடையதாயினும் கல் இத்தீவின் கல். சாந்தின்றி அடுக்கிய வேலிகளாய் ஊரெங்கும் நிற்கும் அதே முருகைக்கல்லே சுண்ணச்சாந்தினால் இணைக்கப்பட்டுத் தடித்த சுவராய் உயர்ந்துள்ளது. எப்வேத்தின் செங்கல் நெருப்புக்கு விடை. இச்சுவர் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் விடை.

அண்மையிலுள்ள புறாக்கூடு பற்றிய கதை ஆராயத்தக்கது. ஒல்லாந்தர் இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறாக்கள்வழி ஓலை விடுத்தனர் என்பர். புறாவோ தான் வளர்ந்த கூட்டுக்கே மீளும் இயல்பினது. ஆகவே இக்கூட்டின் புறாக்கள் இங்கே செய்தி கொணர வல்லன. இங்கிருந்து கொண்டுசெல்ல யாழ்ப்பாணத்தில் வளர்ந்த புறாக்களே வேண்டும். ஐரோப்பியப் பண்ணைமனைகளிற் புறா வளர்த்தது பெரும்பாலும் இறைச்சிக்கும் எருவுக்குமாம். அங்ஙனமாயின் இக்கூடும் ஒரு குடும்பத்தின் உணவுக்கூடமாய் இருந்திருத்தல் கூடும். கோட்டை என்ற சொல்லே இவ்வெளிய பொருளை மறைத்ததுபோலும்.

முருகைக்கல் நுண்டுளைகள் நிறைந்தது. மேற்பூச்சு உள்ளவரை சுவருக்குப் பாதுகாப்பு உண்டு. பூச்சு உதிர்ந்தபின் உப்பும் மாரிநீரும் உட்புகுந்து சாந்தை அரிக்கும். நெடுந்தீவுக் கட்டடமோ கூரையை இழந்து நிற்கின்றது. இழந்த மாடியை மீட்டெழுப்புவதற்கு முன், எஞ்சிய சுவர்களின் மேல்விளிம்பைச் சுண்ணத்தால் மூடுதலே செய்யத்தக்கது. சீமெந்து அதற்கு ஆகாது. ஈரத்தைச் சுவரினுள்ளே சிறைப்படுத்திவிடும்.