பாண்டிருப்புத் தீப்பள்ளயமும் தவநிலையும்

மகாபாரதம் தமிழ் மக்களை இரு வழியால் வந்தடைந்தது. ஒன்று புலவர் வழி. பாரதம் பாடிய பெருந்தேவனார் என்னும் பழம்பெயர் தொடங்கி, மூன்றாம் நந்திவர்மன் காலத்துப் பாரத வெண்பா, வில்லிபுத்தூரார் பாரதம், 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை அதனை விரித்துப் பாடிய பாரதம் என அவ்வழி நீளும். மற்றையது கோயில் வழி. துருபதன் வேள்வித் தீயிற் பிறந்த திரௌபதையைத் தெய்வமாக வைத்து, அவள் கதையை ஏட்டிற் படித்தும் களரியில் நடித்தும் நெருப்பில் நடந்தும் போற்றுவது அவ்வழி. இவ்விரண்டும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தன. ஆயினும் ஏடு சொல்லும் பொருளையே விழாவும் சொல்கின்றதா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. மட்டக்களப்புத் தேசத்துப் பாண்டிருப்பில் நிகழும் தீப்பள்ளயம் இவ்வினாவுக்குத் தக்க இடந்தருவது.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வாவிக்குக் கிழக்கே கடலை அணைந்து கிடக்கும் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாய் விரிவது படுவான்கரை. எழுவான்கரை வழியே தெற்கு நோக்கிச் செல்வார், கல்லாறும் பெரியநீலாவணையும் கடந்து, கல்முனையை எட்டுமுன் பாண்டிருப்பைக் காண்பர். 1961ஆம் ஆண்டு அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்பட்டபோது இவ்வூர் அதனுள் அடங்கிற்றாயினும், மொழியாலும் வழிபாட்டாலும் மட்டக்களப்போடு ஒன்றியதேயாம். படுவான்கரைப் பழுகாமத்திலும் நகரை அடுத்த மட்டிக்களியிலும் திரௌபதை அம்மன் கோயில்கள் உள்ளன. எனினும் இவ்வழிபாட்டின் தலைநிலமாக மக்கள் கருதுவது பாண்டிருப்பையே. எதிர்மன்னசிங்கன் என்னும் அரசன் நாளில், தாதன் என்பான் தென்னாட்டினின்றும் போந்து இவ்வழிபாட்டை இங்கு நிறுவினான் என்பது வழிவழி வருஞ் செய்தி. பாண்டவர் இருப்பு என்பதே பாண்டிருப்பு என மருவியது என்பாரும் உளர். இவ்வூர்ப் பெயரே கதையை மண்ணோடு பிணைக்கும் விழைவைக் காட்டுகின்றது.

விழா புரட்டாசித் திங்களில் 18 நாள் நிகழும். பாரதப் போரும் 18 நாள். பாரதத்தின் பருவங்களும் 18. இவ்வெண்ணின் ஒற்றுமை தற்செயலன்று. ஆனால், போரின் நாட்கணக்கை மேற்கொண்ட விழா போரை உச்சமாகக் கொள்ளவில்லை என்பதே நோக்கற்பாலது. மக்கள் பெருந்திரளாகக் கூடுவதும், ஆண்டு முழுதும் எதிர்பார்த்திருப்பதும் மூன்று நிகழ்ச்சிகளை: வனவாசம், அருச்சுனன் தவநிலை, தீ மிதிப்பு. நாடிழந்து காடேகுதல் முதலது. தனித்து நின்று நோற்றல் அடுத்தது. நெருப்பில் இறங்குதல் இறுதி. மறுநாள் பாற்பள்ளயத்தால் வெம்மை ஆற்றப்படுகின்றது. இந்நிரலிற் பகைவன் வீழ்ச்சி இடம்பெறவில்லை.

தமிழ்நாட்டுத் தொண்டைமண்டலத்து விழாக்களோடு ஒப்பிடின் இதன் தனித்தன்மை விளங்கும். செஞ்சி வட்டாரத்துத் திரௌபதை வழிபாட்டை விரிவாக ஆராய்ந்து ஆல்பிரட் ஹில்டபைட்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1988இலும் 1991இலும் இரு பெருந் தொகுதிகளை வெளியிட்டார். அவ்வட்டாரத்தில், களிமண்ணாற் சமைத்துத் தரையிற் கிடத்திய துரியோதனன் பேருருவம் படுகளத்திற் பிளக்கப்படும். அம்மன் கூந்தல் முடிக்கப்படும். அதன்பின்னரே தீ மிதிப்பர். அங்கே நெருப்பு வெற்றியின் பின் வருவது. சபதம் நிறைவேறியதன் முத்திரை. பாண்டிருப்பிலோ நெருப்பு தவத்தின் பின் வருகின்றது. முன்வைக்கப்படுவது மாறின் பின்வருவதன் பொருளும் மாறும். வெற்றிக்குப்பின் மிதிக்குந் தீ கொண்டாட்டம். தவத்துக்குப்பின் மிதிக்குந் தீ அத்தவத்தின் தொடர்ச்சி.

தீப்பள்ளயம் என்னும் பெயரும் இதற்குச் சான்றாகும். பள்ளயம் என்பது தெய்வத்தின் முன் பரப்பி வைக்கும் படையலைக் குறிக்குஞ் சொல். எனவே தீப்பள்ளயம் என்பது தீயாலான படையல் என விரியும். மிதிப்பவன் ஆற்றலை அச்சொல் சுட்டவில்லை. அவன் கொடுக்குங் கொடையையே சுட்டுகின்றது. வீரச்செயலைக் குறிக்க வந்த பெயராயின் இச்சொல்லை மக்கள் தேர்ந்திரார்.

இவ்விழாவைப் பற்றி இதுகாறும் வழங்கிய கருத்துகள் பெரும்பாலும் மூவகையின. 19ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த நோக்கினர், ஆகமத்துட் படாத இத்தகைய சடங்குகளைக் கல்லாதார் வழக்கென ஒதுக்கினர். அறிவியல் நோக்கினர், தணலின் வெப்பங் கடத்துந் திறன் மிகக் குறைவு, பாதம் அதனைத் தொடும் நேரமோ கணப்பொழுது, ஆதலின் சுடாமையில் வியப்பில்லை என விளக்கினர். 1935ஆம் ஆண்டு இங்கிலாந்தில், குடா பக்ஸ் என்னும் காசுமீரத்தாரைத் தணற்குழியில் நடக்கச் செய்து அறிஞர் நடாத்திய சோதனை இவ்விளக்கத்துக்குத் துணையாயிற்று. அடியார்களோ அம்மனின் அருளே காத்தது என்பர். இம்மூவரும் தம்முள் மாறுபடுவோர் போலத் தோன்றினும், ஒன்றில் உடன்படுகின்றனர். மூவர் பார்வையும் பாதத்தின் மேலேயே நிற்கின்றது. சுட்டதா, சுடவில்லையா என்பதே அவர்தம் வினா. அதற்கு முன் கழிந்த நாள்களின் நோன்பும் கதையும் எதற்கு என்பதை எவரும் வினவவில்லை. ஒரு காப்பியத்தின் இறுதிச் செய்யுளை மட்டும் படித்து அக்காப்பியத்தை மதிப்பிடுதல் போன்றதே இஃது.

ஆகவே தவநிலையை நோக்குதல் வேண்டும். வில்லிபாரதத்து ஆரணிய பருவத்தில் அருச்சுனன் தவநிலைச் சருக்கம் அமைந்துள்ளது. பாசுபதம் பெறுதற்பொருட்டு விசயன் சிவபெருமானை நோக்கி அருந்தவம் இயற்றுகின்றான். பன்றி வடிவில் வந்த மூகன் மேல் அவன் கணையும் வேடனாய் வந்த இறைவன் கணையும் பாய்கின்றன. பன்றி எவர்க்குரியது என்னும் பூசல் போராய் மூள்கின்றது. நாணறுந்த வில்லால் விசயன் இறைவனை அடிக்கின்றான். வைணவராகிய வில்லியார் சிவன் அருளைப் பாடும் இவ்விடத்தில் அவர் கவிதை தனியொளி பெறுகின்றது. அந்த அடி வேடன் மேனியில் மட்டும் படவில்லை. வானோர், முனிவர், மண்ணோர், மற்றெல்லா உயிர்கள் ஆகியோருள் அடிபடாதார் எவர் என வினவுகின்றார் புலவர். ஒருவன் தவத்தின் முடிவில் விழுந்த அடி உலகனைத்தின் மேலும் விழுந்தது என்பதே அவர் கண்ட உண்மை.

ஏட்டில் இஃது அரிய கற்பனை. விழாவில் அதுவே நடைமுறையாகின்றது. காவியத்தில் அருச்சுனன் தனியன். மலைச்சாரலில் அவனைக் காண்பார் இலர். பாண்டிருப்பில் அவன் தவத்துக்குப் புறப்படும்போது ஊர் உடன் புறப்படுகின்றது. வேடம் பூண்டவன் மட்டுமன்றி, காண வந்தவரும் ஊணும் உறக்கமும் சுருக்கி நோன்பு காப்பவரே. எல்லார்மேலும் பட்ட அடி என வில்லியார் பாடியதை, எல்லாரும் இயற்றுந் தவமாக விழா மாற்றி அமைத்துள்ளது. புலவரைக் கல்லாதவர் செய்த பிழைபட்ட விளக்கமன்று இது. அவர் குறிப்பை அவரினும் ஒருபடி மேற்கொண்டு சென்ற விளக்கமாகும்.

இனி, தீக்குழி இன்னொரு வினாவையும் எழுப்புகின்றது. விசயன் தவம் ஒரு படைக்கலத்தை வேண்டி இயற்றப்பட்டது. படைக்கலம் பெற்றவன் அடுத்துச் செல்லவேண்டிய இடம் போர்க்களமேயாம். ஆனால் விழாவில் தவநிலையின் பின் மக்கள் போர்க்களத்தை நோக்கிச் செல்லவில்லை. திரௌபதையின் நெருப்பை நோக்கியே செல்கின்றனர். ஏன்? பாரதத்தில் இரு தவங்கள் உண்டு. ஒன்று பார்த்தனுடையது; அதற்கு மலையுண்டு, வரமுண்டு, சருக்கமுண்டு. மற்றொன்று பாஞ்சாலியுடையது. அவையில் இழுத்துவரப்பட்ட நாள் தொட்டு, சபதம் முடியுங்காறும் முடியாத கூந்தலோடு அவள் கழித்த 13 ஆண்டுகளே அத்தவம். அதற்கு வரங்கொடுக்க வந்த தெய்வம் இல்லை. புலவர் அதனைத் தவம் என்று பெயரிடவுமில்லை. வடமொழிப் புலவர் பாரவி தம் கிராதார்ச்சுனீயத்தின் முதற் சருக்கத்திலேயே திரௌபதையைப் பேச வைத்தது, பார்த்தன் தவத்தின் பின்னின்று அதனைச் செலுத்துவது அவள் துயரே என்பதை உணர்ந்தமையாலேயாம். பாண்டிருப்பு விழா இதனினும் தெளிவாகப் பேசுகின்றது. படைக்கலத்துக்காக நோற்ற தவத்தை முன்னே நிறுத்தி, ஒன்றும் வேண்டாது பொறுத்த தவத்தை முடிவாக வைக்கின்றது. தீயில் இறங்குவோர் வெல்லச் செல்பவரல்லர். அவள் பட்டதில் ஒருசிறிது தாமும் பட்டுக் கரையேற விழைபவர். இவ்விழாவின் உயிர்நிலை இதுவே எனலாம்.

இவ்வுட்பொருள் அம்மண்ணின் வாழ்வோடு பொருந்திய முறையும் எண்ணத்தக்கது. உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் முடிவெய்தும் வரை, எழுவான்கரையும் படுவான்கரையும் பன்முறை இடம்பெயர்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை பாண்டிருப்புக் கரையையும் கொடிதாகத் தாக்கிற்று. வீட்டை விட்டுப் புறப்பட்டோர்க்கு வனவாசம் பழங்கதையன்று. மகனைத் தேடி நிற்குந் தாய்க்கு, விரித்த கூந்தலோடு காத்திருத்தல் இன்னதென ஒருவர் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. பகைவன் உருவத்தைப் பிளந்து மகிழும் விழாவாக இஃது அமைந்திருப்பின், அத்துயர் எத்திசையிற் பாய்ந்திருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. துன்பத்தைப் பகையாக மாற்றாது படையலாக மாற்றும் வழியொன்றை முன்னோர் வகுத்துவைத்தனர். அஃது அவ்வூர்க்குக் கிடைத்த பெரும்பேறாகும்.

விழாவின் சிறப்பைக் கூறுவார் அதன் குறையையும் கூறாது விடுதல் முறையன்று. திரௌபதை தெய்வமான அளவில் அவள் குரல் தாழ்ந்துவிட்டது. வியாசர் படைத்த பாஞ்சாலி, தன்னை இழந்தபின் என்னைப் பணயமாக வைக்கத் தருமனுக்கு உரிமை யாது என அவையை வினவினாள். வீட்டுமனும் விடை காணாது தடுமாறிய வினா அது. அவ்வினாவே அவளைப் பிற காவியத் தலைவியரினின்றும் வேறுபடுத்துவது. 1912ஆம் ஆண்டில் முதற்பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்திற் பாரதியார் அக்குரலைத் தமிழில் ஓங்கச் செய்தார். விழாவிலோ அம்மன் பொறுத்தவளாகவும் அருள்பவளாகவும் விளங்குகின்றாள். கேட்டவளாக விளங்குதல் குறைவு. பொறுமையை மட்டும் கற்பிக்கும் வழிபாடு, அநீதியின்முன் வாய்திறவாமையையும் அறமெனக் கற்பித்துவிடக் கூடும். நெருப்பில் நடக்கும் கால்களுக்கு அவையில் எழுந்த அவ்வினாவும் துணையாதல் வேண்டும்.

இக்குறைக்கு மருந்து விழாவினுள்ளேயே உளது. அது பாரத ஏடு படித்தல். காடேகுதலும் தவமும் தீயும் எதன் விளைவு என்பதை உரைப்பது ஏடு ஒன்றே. அதனைச் செவிமடுப்பார் அருகி, ஒலிபெருக்கியும் ஒளிப்படக் கருவியும் தீக்குழியையே சூழுமாயின், 18 நாள் விழா ஒரு நாழிகைக் காட்சியாய்ச் சுருங்கும். அவ்வாறு சுருங்கின் சுட்டதா, சுடவில்லையா என்னும் வினாவே எஞ்சும். வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலை வெளியிட்டு, இந்நாட்டு வழிபாடும் கலையும் ஆராயத்தக்கன என்பதை நிலைநாட்டினார். அவர் தொகுத்து வைத்ததைப் பொருள் கண்டு விளக்கும் பணி பின்வந்தோரைச் சாரும். கல்லூரியில் வில்லிபாரதம் பயிலும் மாணவர் புரட்டாசியிற் பாண்டிருப்புக்குச் சென்று ஏடு படிக்கும் இடத்திற் சற்று அமர்வாராயின், தாம் தேர்வுக்குக் கற்ற சருக்கம் அங்கே எத்தனை பெரிய பொருளைத் தாங்கி நிற்கின்றது என்பதை அறிவர். ஏட்டை ஓதுவாரும் கேட்பாரும் உளராகும்வரை, அத்தீயில் இறங்குவோர் தாம் மிதிப்பது யாருடைய துயர் என்பதை அறிந்தே மிதிப்பர்.