அவசரத்தில் யாரைக் கேட்பது?

தமிழ்நாட்டின் 108 அம்புலன்ஸும் இலங்கையின் 1990 அம்புலன்ஸும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். 2005 ஓகஸ்டில் ஐதராபாத்தில் தொடங்கிய சேவை 2008 செப்டெம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதை நடத்திய நிறுவனத்தின் கைபட்டு, இந்திய அரசின் நன்கொடையில், 2016 ஜூலையில் இலங்கையின் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு 1990 சேவையான 'சுவசெரிய' ஓடத் தொடங்கியது. வடக்கை எட்டியது 2018 இல். இன்றும் இரண்டிலும் சாரதிக்குப் பெயர் 'பைலட்'தான். பின்னால் இருக்கும் அவசர மருத்துவ உதவியாளர் பார்ப்பதும் ஒன்றுதான்: நாடி, பிரஷர், மூச்சு, ஒட்சிசன் அளவு, காய்ச்சல், சீனி, நினைவு. மானி காட்டும் இலக்கத்துக்குக் கடல் ஒரு பொருட்டில்லை. என்ன நடந்தது, எப்போது, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் இரண்டு நாடுகளும் பிரிகின்றன.

யாழ்ப்பாணத்தில் நெஞ்சு நோகுது என்று கிடக்கும் அம்மாவிடம் "என்ன குளிசை போடுறீங்கள்?" என்று கேட்டால் அவர் மகளைப் பார்ப்பார். மகள் அலுமாரிக்குள் கைவிட்டு கிளினிக் கொப்பியை எடுத்துத் தருவாள். உறை கழன்று, நூலால் தைத்த கொப்பி. மாதாமாதம் அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் எழுதியதெல்லாம் அதில் கிடக்கும்: பிரஷர், சீனி, குளிசையின் அளவு, எப்போது கூட்டினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பது வரை. நினைவிழந்து கிடப்பவருக்காகக் கொப்பி பேசும்.

மதுரைப் பக்கத்தில் இதே கேள்விக்கு ஒரு துணிக்கடைப் பை வரும். உள்ளே மூன்று தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டு, நாலு லேப் ரிப்போர்ட், எக்ஸ்ரே உறை, பெயர் கிழிந்த மாத்திரை அட்டை. "காலையில வெள்ளை ஒண்ணு, ராத்திரி ரோஸ் கலர்ல பாதி" என்பார் மகன். 2021 இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்களிடம் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறையக்கூடும். எனக்குக் கொப்பிதான் பிடிக்கும். ஆனால் அதை முழுதாக நம்பவும் கூடாது. பின்னேரம் காசு கட்டித் தனியாரிடம் சனல் பண்ணிப் பார்த்த வைத்தியர் எழுதிய குளிசை கொப்பியில் இராது. அதையும் தனியாகக் கேட்க வேண்டும், கேட்பவர்கள் குறைவு.

தமிழ்நாட்டு வண்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கும் நோயாளியை மாற்றுவதும் 108 தான்; கர்ப்பிணிகளும் பிறந்த குழந்தைகளும் அதில் நிறைய. அப்போது நோயின் கதை ஒரு ரெஃபரல் சீட்டாகச் சுருங்கிவிடுகிறது. முதல் ஆள் எழுதியதை இரண்டாம் ஆள் படியெடுக்கிறார், மூன்றாம் ஆள் திரும்பக் கேட்பதில்லை. இலங்கையில் வைத்தியசாலைக்கும் வைத்தியசாலைக்கும் இடையிலான மாற்றத்தை வைத்தியசாலை வண்டிகளே பார்ப்பதால், 1990 பெரும்பாலும் வீட்டு வாசலுக்கும் வீதிக்கும்தான் போகிறது. கதையை முதல் வாயிலிருந்தே கேட்க வேண்டிய கட்டாயம் அதற்கு. இதை ஒரு நல்வாய்ப்பு என்றே நினைக்கிறேன்.

மொழிச் சிக்கல் இரண்டு பக்கமும் உண்டு. மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ சிங்கள வைத்தியர் கேட்பதைத் தாதியோ சிற்றூழியரோ தமிழாக்கிச் சொல்வார். திருப்பூரில் பீகார்ப் பையன் அடிபட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கும்போது கதை சொல்வது கம்பெனி சூப்பர்வைசர். தாதிக்கு நோயாளி பிழைக்க வேண்டும். சூப்பர்வைசருக்கு அதோடு, விபத்து வேலை நேரத்தில் நடந்ததாகப் பதிவாகாமலும் இருக்க வேண்டும்.

விபத்து என்றாலே கேள்விக்குப் பின்னால் பொலிஸ் நிற்கிறது. தமிழ்நாட்டில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேடு, இலங்கையில் சட்ட வைத்தியப் படிவமும் வைத்தியசாலைப் பொலிஸும். அடிபட்டவன் "விழுந்திட்டன்" என்பான், காயம் வேறு சொல்லும். வீதியில் கண்டு தூக்கி வந்தவர் வாயைத் திறக்கப் பயப்படுவார். இந்திய உச்ச நீதிமன்றம் 2016 இல் இப்படி உதவுவோருக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் அவர்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. பெயர் சொல்லாமலே நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகலாம். அந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்கு எத்தனையோ ஸ்கானுக்குச் சமம்.

பாம்புக்கடியில்தான் கேள்வியும் இலக்கமும் ஒன்றையொன்று எவ்வளவு நம்பியிருக்கின்றன என்று தெரியும். இலங்கை பயன்படுத்தும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். அது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஆனது. சிங்களத்தில் குணகடுவா என்னும் கூன்மூக்கு விரியனுக்கு அது கேட்காது. அதனால் "எந்தப் பாம்பு?" என்ற கேள்வி இலங்கையில் கூடுதல் கனமானது. மருந்து ஏற்றலாமா என்பதே அதில் தங்கியிருக்கலாம்.

கண்ணிமை சரிவதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் இமை சரிந்தால் முதலில் நல்ல பாம்பையும் கட்டுவிரியனையும் நினைப்பார்கள். இலங்கைக் கண்ணாடி விரியன் இரத்தத்தைக் கெடுப்பதோடு இமையையும் வழமையாகவே சரிக்கும்; தென்னிந்தியாவில் அது அங்கங்கேதான். எனவே இமையோடு இரத்தத்தையும் பார்க்க வேண்டும். பார்க்கும் முறை இரண்டு நாட்டிலும் ஒன்று: சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து ஒரு தரம் சரித்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விரியன். பிளாஸ்டிக் குழாயும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் பொய் சொல்லும். சின்ன ஆஸ்பத்திரிகளில் கண்ணாடிக் குழாய் இல்லாமல் போவதுதான் பெரும் தொல்லை.

கட்டுவிரியன் கதை இன்னும் மோசம். இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். நோவும் இல்லை, வீக்கமும் இல்லை. விடியப்புறம் வயிற்று வலி, வாந்தி என்று வருவார். நாடி சரி, பிரஷர் சரி, ஒட்சிசன் 98. வாயுத் தொல்லை என்று அனுப்பிவிடக் கூடிய கேஸ். "ராத்திரி எங்கை படுத்தனீங்கள்?" என்று கிளிநொச்சியில் கேட்டாலும், "தரையிலயா படுத்தீங்க?" என்று விழுப்புரத்தில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். கேட்டால் தெரியும்.

மூச்சு எண்ணிக்கையைப் பற்றி எனக்குள்ள மனத்தாங்கல் இரண்டு நாட்டுக்கும் பொது. எந்த நோயாளியின் தாளை எடுத்தாலும் 18 அல்லது 20 என்றே இருக்கும். யாரும் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணியதில்லை. கருவி எண்ணித் தராத இலக்கம் என்பதால் கைபோன போக்கில் விழுகிறது. கட்டுவிரியன் கடித்தவருக்கு மூச்சுத் தசை தளரும்போது ஒட்சிசன் மானி கடைசியில்தான் இறங்கும். அதற்கு முன்பே காட்டிக்கொடுக்க ஒரு செலவில்லாத வழி உண்டு: ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்வது. ஆறு மணிக்கு முப்பது வரை போனவர் ஏழு மணிக்குப் பன்னிரண்டில் நின்றால், செயற்கைச் சுவாசக் கருவி உள்ள இடத்துக்கு அப்போதே புறப்பட வேண்டும். போகும் வழியிலும் எண்ணச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்தபடி.