நூலகம் கட்டுவோர் கவனத்திற்கு

சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் புகழ்வோர், அதன் ஒன்பது தளங்களையும், பன்னிரண்டு லட்சம் நூல்கள் கொள்ளும் இடப்பரப்பையுமே முதலில் சொல்வர். நாம் அவ்வாறு தொடங்க விரும்பவில்லை. சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்போர்க்கென அங்கு ஒதுக்கப்பெற்ற பகுதியே அக்கட்டடத்தின் மாண்பு என்பது நம் கருத்து.

நூலகத்திற்கு வருவோர் நூலைத் தேடியே வருவர் என்பது பழைய கணக்கு. இரண்டறை வீட்டில் ஏழு பேர் வாழும் குடும்பத்துப் பெண்பிள்ளைக்கு வேண்டியது நூல் மட்டுமன்று; ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு மணி நேர அமைதி. மதரஸாவில் ஓதிவிட்டு, பள்ளிக்கும் சென்று வந்து, தம்பி தங்கையரின் ஆரவாரத்திடையே அடுப்படியில் அமர்ந்து தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். ஆனால், நம் ஊர்களில் படிப்பகம் என்றாலே செய்தித்தாளும் கையுமாக வாசலை அடைத்து அமர்ந்திருக்கும் ஆடவர் கூட்டந்தான் நினைவுக்கு வருகிறது. உம்மா தன் மகளை அங்கு அனுப்பத் தயங்கினால் மார்க்கத்தின்மீது பழிபோடுவது எளிது. வாசலின் அமைப்பும், கழிப்பறை இல்லாமையும், திரும்பி வரும் வழியின் இருட்டும் காரணங்கள் என்று கட்டட வரைபடம் தீட்டுவோரிடம் யார் சொல்வது?

நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிர்ப்பொருள் என்பது, சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதியானது. கட்டுவோர் இதனை அலமாரிகளோடு நிறுத்திவிடுகின்றனர். ஊர் பெருகினால் இருக்கைகளும் பெருக வேண்டாமா? 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே, சொத்து வரியோடு நூலக வரியையும் நம் குடும்பங்கள் செலுத்தி வருகின்றன. எனவே இது யாசகமன்று. கேட்காது வாளாவிருத்தலும் தகாது. கோட்டூர்புரக் கட்டடத்தையே 2011-இல் குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு முனைந்தபோது, வழக்காடித்தானே தடை பெற வேண்டியிருந்தது!

இன்னொரு குறையும் உண்டு. அது நமக்கே உரியது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் முன்னோரின் கிதாபுகளை ஒரு பொது நூலகம் எந்த அலமாரியில் வைக்கும்? எழுத்தைப் பார்ப்பவர் அரபு நூல்களோடு சேர்ப்பார். அரபு கற்றவர் எடுத்துப் பார்த்துப் பொருள் விளங்காது திரும்ப வைப்பார். தமிழ் அறிந்தவர் அப்பக்கமே வரமாட்டார். நூல் உள்ளே இருந்தும் இல்லாததாகிவிடும். புதிய நூலகம் எழுப்பும் ஊரார், பழைய ஏடுகளைச் செப்பனிட ஓர் அறையையும், இரு மொழி அட்டவணைகளிலும் இவற்றைப் பதிய ஒரு முறையையும் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளல் வேண்டும். பரணிலிருந்து எடுத்துத் தர நம் வீடுகளில் கிதாபுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பிழையின்றிப் படித்துக்காட்டும் பெரியவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.