‘கடல் புறா’வின் சிருங்காரமும் வாசகர் மதிப்பீடுகளும்

1. முன்னுரை

தமிழ் வரலாற்றுப் புனைகதை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கல்கியை மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. அவருக்குப்பின் இத்துறையில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்ட சாண்டில்யனைக் (1910–1987) குறித்துத் திறனாய்வாளர் ஓரிரு வரிகளில் தீர்ப்புக் கூறி அகல்வதே வழக்கம். அத்தீர்ப்பும் பெரும்பாலும் ஒரு பொருளையே சுற்றி நிற்கும்: வருணனையில் காணப்படும் சிருங்கார மிகை. வாசகரோ இவ்வாறு ஒருமுகமாகத் தீர்ப்பளித்தாரல்லர். குமுதம் வார இதழில் தொடராக வெளிவந்து, பின்னர் மூன்று பாகங்களாக நூலுருப் பெற்று, இன்றளவும் மறுபதிப்புக் காணும் ‘கடல் புறா’ அவர்களிடையே எதிரெதிரான கருத்துகளை எழுப்பி வந்துள்ளது.

இக்கருத்து வேறுபாடு ஒழுக்கம் பற்றியதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அதன் பெரும்பகுதி மொழிநடை பற்றியதும் படிக்கும் முறை பற்றியதுமாகும் என்பதே இங்கு நிறுவப்பெறும் கருத்து. இதனை ஆராய மும்பைத் தமிழ்ச் சூழல் ஏற்ற களமாகிறது. மாதுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர் மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றுக்கிடையே தமிழைப் படிப்பவர்கள். ஒரு மொழிக்குள் நின்று படிப்போருக்குப் புலப்படாத சொல்நிலை வேறுபாடுகள் இவர்கள்முன் வெளிப்படையாக வந்து நிற்கின்றன.

2. கதையும் அதன் மூலமும்

‘கடல் புறா’வின் தலைவன் இளைய பல்லவன் என்னும் கருணாகரன். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி போற்றும் கருணாகரத் தொண்டைமானே இவன். அநபாயனாக வரும் சோழ இளவரசன், 1070 முதல் அரசாண்ட முதற் குலோத்துங்கன். கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கும் கதை, சுமத்திராவின் அட்சயமுனை வழியாகச் சீவிசய நாட்டை எட்டுகிறது. கடாரத்தை வென்று, தன் அடிபணிந்த மன்னனுக்கே அதனை மீள அளித்ததாக வீரராசேந்திரன் கல்வெட்டுக் கூறும் செய்தியே இக்கடற்கதைக்கு அடித்தளம் எனலாம். கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி, அட்சயமுனையில் வளர்ந்த மஞ்சளழகி ஆகிய இருவரும் தலைவனின் காதலுக்குரியோர். நூலின் சிருங்காரப் பகுதிகள் இவ்விருவரைச் சுற்றியே அமைகின்றன.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. தலைவனைத் தந்த பரணி நூலே ‘கடை திறப்பு’ என்னும் பகுதியைத் தன் தொடக்கத்தில் கொண்டுள்ளது. ஊடிக் கதவடைத்த மகளிரை விளித்து, போர்ச் செய்தி கேட்கக் கதவைத் திறக்குமாறு வேண்டும் அப்பகுதி முழுவதும் காம வருணனையாலானது. வகுப்பறையில் போர்ப் பகுதி பெறும் இடத்தை அது பெறுவதில்லை. எனவே, வீரத்துடன் சிருங்காரத்தை இணைத்தல் சாண்டில்யன் புதிதாகப் புகுத்தியது என்றோ, மேனாட்டு நாவலைப் பார்த்துச் செய்தது என்றோ கூறுவது முற்றும் பொருந்தாது. அவர் செய்தது, செய்யுளுக்குரிய மரபொன்றை வார இதழ் உரைநடைக்குக் கொண்டுவந்ததாகும்.

3. மூவகை மதிப்பீடுகள்

இந்நூல் பற்றிய வாசகர் கருத்துகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, குடும்பத்தார் அனைவரும் படிக்கும் இதழில் இத்தகைய வருணனை தகாது என்பது. இரண்டாவது, வருணனையே நூலின் சுவை. அதனை நீக்கினால் கடற்போரும் சூழ்ச்சியும் வெறும் நிகழ்ச்சிப் பட்டியலாகிவிடும் என்பது. மூன்றாவது, வருணனை ஆபாசமுமன்று, சுவையுமன்று. ஒரே அச்சில் மீண்டும் மீண்டும் வருவதால் சலிப்பூட்டுவது என்பது.

இவற்றுள் ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்கோ வகுப்புக்கோ உரிமையாக்குதல் பிழை. ஒரே வீட்டில் மூன்று கருத்தும் நிலவக்கூடும். எனினும், படிப்போரின் மொழிப் பின்னணி மதிப்பீட்டைப் பாதிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றிய மாதுங்காவிலும், பின்னர் அலுவலகப் பணியாளர் குடும்பங்கள் மிகுதியாகக் குடியேறிய செம்பூரிலும், ஆங்கில வழியில் கற்றுத் தமிழை வீட்டிலும் வார இதழ்களிலும் பயின்றோர் பலர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற வேலைகளுக்கும் வந்தோர் வாழும் தாராவியிலோ, மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் பயின்றோர் உள்ளனர். தமிழைப் பாடமாகக் கற்றவருக்குச் சாண்டில்யனின் நீண்ட தொடர் ‘இலக்கிய நடை’யாகத் தோன்றுகிறது. ஆங்கிலக் காதற் புதினங்களில் பழகியவருக்கோ அதே தொடர் பொருளை மறைக்கும் திரையாகத் தோன்றுகிறது. 1972இல் கேத்லீன் வுட்விஸ் எழுதிய ‘த ஃப்ளேம் அண்ட் த ஃப்ளவர்’ வெளிவந்தபின், ஆங்கில வரலாற்றுக் காதல் நாவல் படுக்கையறைக் கதவைத் திறந்தே வைத்தது. அவ்வளவுகோலால் அளப்பவருக்கு ‘கடல் புறா’ ஏமாற்றம் தரும். பக்தி நூலையும் பாடநூலையும் அளவுகோலாகக் கொண்டவருக்கு அது அதிர்ச்சி தரும். அளக்கப்படும் பகுதி ஒன்றே, அளவுகோல்களே வேறு.

4. படிக்கும் அலகு

மூன்றாம் கருத்தாகிய சலிப்புக்குக் காரணம் வேறிடத்தில் உள்ளது. தொடர்கதையை வாரம் ஓர் அத்தியாயமாகப் படிப்பவருக்கும், கட்டிய நூலாக ஒரே மூச்சில் படிப்பவருக்கும் கிடைக்கும் பனுவல் ஒன்றன்று. வார வாசகர் ஏழு நாள் இடைவெளிக்குப்பின் கதைக்குள் மீள்கிறார். அவருக்குக் கடற்கரை, நிலவு, தலைவியின் தோற்றம் ஆகியவற்றின் வருணனை மீள்நுழைவு வாயிலாகிறது. அத்தியாய இறுதியில் எழும் காலடியோசையோ எதிர்பாராத குரலோ காதற் காட்சியை முறித்துவிடும். அம்முறிவு அடுத்த வாரம் வரையிலும் நீடிக்கும். ஓவியர் லதாவின் சித்திரங்கள் அவ்விடைவெளியை நிரப்பின. நூலாகப் படிப்பவருக்கோ இடைவெளியும் இல்லை. சித்திரமும் பெரும்பாலும் இல்லை. வாயில்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. வார இதழின் தொடர்ப் பக்கங்களைத் தனியே எடுத்துத் தைத்துப் பாதுகாக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் பரவலாக இருந்தது. அங்ஙனம் சேர்த்துப் படித்த அடுத்த தலைமுறையே ‘திரும்பத் திரும்ப ஒன்றே’ என்னும் குறையைக் கூறத் தலைப்படுகிறது.

எதனை முழுமையெனக் கொள்வது என்னும் இவ்வினா சட்டத்திலும் எழுந்ததாகும். ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நூலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் மீதான தண்டனையை உச்ச நீதிமன்றம் 1964இல் உறுதிசெய்தது. ‘ரம்பா’ என்னும் மராத்தி இதழின் 1962ஆம் ஆண்டுத் தீபாவளி மலரில் ‘ஷ்யாமா’ கதையை எழுதிய சந்திரகாந்த் காகோட்கரை அந்நீதிமன்றமே 1969இல் விடுவித்தது. அவ்வாண்டுத் திருத்தம், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவில், ஒன்றை முழுமையாகக் கொண்டு நோக்குமிடத்து உண்டாகும் விளைவே கருதத்தக்கது என்னும் கருத்தைச் சேர்த்தது. முழு நூலையும் நோக்குக என்பது நேரிய அறிவுரையே. ஆயினும், தொடர்கதைக்கு முழுமை என்பது ஆண்டுகள் கழித்தே கிட்டுவது. அதுவரை வாசகர் கையிலிருப்பது ஓர் அத்தியாயமே. முதற் கருத்தினரின் அதிர்ச்சியும் மூன்றாம் கருத்தினரின் சலிப்பும் இவ்விரு அலகுகளுக்கிடையே பிறந்தவை எனலாம்.

5. சொல்நிலை

இனி, வருணனை எவ்வாறு குடும்ப இதழில் இடம்பெற முடிந்தது என்னும் வினாவுக்கு விடை சொல்நிலையில் உள்ளது. தமிழில் உடலுறுப்புப் பெயர்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. பேச்சில் ‘உதடு’, இலக்கியத்தில் ‘இதழ்’, வடமொழி வழி ‘அதரம்’. சாண்டில்யன் சிருங்காரப் பகுதிகளில் முதலடுக்கைப் பெரும்பாலும் தவிர்த்து, இரண்டாவதையும் மூன்றாவதையும் கையாள்கிறார். ‘தொடுதல்’ அங்கே ‘ஸ்பரிசம்’ ஆகிறது. வீட்டில் வழங்காத சொல் வீட்டில் நாணமுண்டாக்குவதில்லை.

காலப்போக்கில் சொற்கள் தம் நிலையில் மாறுவதும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. ‘முலை’ என்பது சங்கப் பாடல்களிலும் பக்திப் பாடல்களிலும் இயல்பாக வழங்கிய சொல். இக்காலக் கற்றோர் பேச்சில் அது விலக்கப்பட்டு, ‘முலைப்பால்’ என்பதன் இடத்தைத் ‘தாய்ப்பால்’ பெரிதும் பெற்றுவிட்டது. பண்டைய புலவர் தயங்காது கூறியதை இக்கால உரைநடையாசிரியர் சுற்றி வளைத்தே கூற வேண்டியுள்ளது. ‘கடல் புறா’வின் வருணனை நீளக் காரணம் காமம் மிகுந்தமை மட்டுமன்று, நேர்ச்சொல் இல்லாமற் போனமையும் ஆகும். பெயரெச்சங்களை அடுக்கிப் பெயர்ச்சொல்லை இறுதிவரை தள்ளிவைக்கும் தமிழ்த் தொடரமைப்பு இதற்குத் துணைசெய்கிறது. எதனைக் கூறப்போகிறார் என்பது தொடர் முடியும்வரை தெரிவதில்லை. சிருங்காரம் அத்தாமதத்திலேயே தங்கியுள்ளது.

6. மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள சிக்கல்

இக்கூற்று ஏற்கப்படுமாயின் மொழிபெயர்ப்பாளர் கடமை தெளிவாகும். ஆங்கிலத்தில் உதடு, இதழ், அதரம் மூன்றுக்கும் இயல்பாகக் கிடைப்பது ஒரே சொல். தொடரமைப்பும் பெயர்ச்சொல்லை முன்னே கொண்டுவந்துவிடுகிறது. திரையும் தாமதமும் ஒருங்கே நீங்க, எஞ்சுவது வெறும் உறுப்பு வருணனை. தமிழில் அடக்கமாக நின்றது ஆங்கிலத்தில் கொச்சையாகிவிடும். இதற்கஞ்சி அப்பகுதிகளை வெட்டுவதும், ஆங்கிலக் காதல் நாவலின் நடைக்கேற்பச் சூடேற்றுவதும் ஒரே தவற்றின் இரு முகங்களாம்.

மராத்தி இவ்வகையில் அணுக்கமானது. அங்கு ‘ஓட்’ பேச்சுச் சொல்; ‘அதர்’ கவிதைச் சொல். எனவே சொல்நிலை வேறுபாட்டைக் காக்க இயலும். பேஷ்வா காலத்து ராம் ஜோஷி, பிரபாகர் போன்ற ஷாகிர்கள் லாவணியில் சிருங்காரத்தையும் பவாடாவில் வீரத்தையும் பாடினர். பரணியில் ஒருங்கே நிற்கும் இரு சுவைகளையும் ஒரு புலவரிடமே எதிர்பார்க்கும் பழக்கம் மராத்தி வாசகருக்குப் புதிதன்று.

ஆயினும் வடமொழிச் சொல் பொதுவாயிருத்தல் ஒரு பொறியுமாகும். ‘ஸ்பர்ஷ்’ மராத்தியில் அன்றாடச் சொல்; தமிழில் ‘ஸ்பரிசம்’ உயர்நடைச் சொல். அப்படியே பெயர்த்தால் நிலை இறங்கிவிடும். இந்தியில் ‘ஷ்ருங்கார்’ ஒப்பனையையும் குறிக்கும். மும்பையில் இந்தி கேட்டு வளர்ந்த தமிழ் வாசகர் ‘சிருங்காரம்’ என்பதை அப்பொருளிலேயே கொள்ளுதல் கூடும். தமிழிலுள்ள ‘சிங்காரம்’ அதற்கு நெருங்கிய பொருளினதாயிருப்பது குழப்பத்தை மிகுவிக்கிறது. ஒலி ஒப்புமையைவிடச் சொல்லின் வழக்கு நிலையே மொழிபெயர்ப்பாளருக்கு வழிகாட்டியாதல் வேண்டும்.

7. எஞ்சும் குறை

சொல்நிலை ஆபாசக் குற்றச்சாட்டுக்கு விடையளிக்கிறது. பிறிதொரு குற்றச்சாட்டுக்கு அது விடையாகாது. ‘கடல் புறா’வில் பார்வை பெரிதும் ஒருவழிப்பட்டது. காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் அறிவும் துணிவும் உடையோராகப் படைக்கப்பட்டபோதும், வருணிக்கப்படுவோர் அவர்களே. தலைவனின் உடல் வீரத்தின் அடையாளமாகச் சுருக்கமாகக் கூறப்படுகிறது. தலைவியரின் உடல் அத்தியாயந்தோறும் விரிக்கப்படுகிறது. இருவரும் ஒருவனையே அடைதல் கதைக்கு நிறைவாகிறது. அந்நிறைவு அவர்களுக்கும் நிறைவா என்னும் வினா ஆழமாக எழுப்பப்படுவதில்லை. அதரம் என்று கூறினும் உதடு என்று கூறினும் இப்பார்வை மாறுவதில்லை. நூலை விரும்பிப் படித்துக்கொண்டே இக்குறையைக் கூறும் வாசகர், தம்முள் முரண்படுபவரல்லர். மொழியின் இன்பத்தையும் பார்வையின் குறையையும் வேறுபடுத்தி அறிந்தவராவார்.

8. முடிவுரை

‘கடல் புறா’ பற்றிய எதிரெதிர் மதிப்பீடுகள் படிக்கும் அலகு, சொல்நிலை, பார்வை ஆகிய மூன்று வெவ்வேறு பொருள்கள் மீது எழுந்தவை. அவற்றை ஆபாசம் என்னும் ஒரு சொல்லில் அடக்கியமையாலேயே விவாதம் முடிவின்றி நீண்டது. மொழிபெயர்ப்பாளர் சிருங்காரப் பகுதிகளை நீக்குவாராயின், அவற்றை விரும்புவோர்க்குரிய சுவை மட்டுமன்றி, அவற்றைக் கண்டிப்போர்க்குரிய சான்றும் உடன் நீங்கிவிடும். மூலத்தின் திரையையும் தாமதத்தையும் காத்து, பார்வையின் குறையை மறைக்காது தரும் மொழிபெயர்ப்பே, தமிழறியாத வாசகரும் இவ்விவாதத்தில் தமக்குரிய இடத்தைப் பெறச் செய்யும்.