'என்று' விடுபட்ட இடத்தில்

ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' 1856இல் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒழுக்கக்கேடு என்று வழக்கு. அரசுத் தரப்பில் வாதாடிய எர்னஸ்ட் பினாரை இலக்கியம் அறியாதவராக ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அப்படிப் படவில்லை. இந்த நாவலின் உத்தி எங்கே தொந்தரவு செய்கிறது என்பதை அவர் சரியாகத் தொட்டார். தொட்டது இன்னதென்றுதான் தெரியவில்லை.

அவர் சுட்டிய இடங்களில் ஒன்று: ருடால்ஃபுடன் கூடித் திரும்பிய எம்மா, கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பூரிக்கிறாள். கள்ள உறவை ஆசிரியரே துதிக்கிறார் என்றார் பினார். அந்த வாக்கியங்களில் படர்க்கையும் இறந்தகாலமும் கதைசொல்லியுடையவை. பரவசமும் சொற்களும் எம்மாவுடையவை. இடையில் 'என்று நினைத்தாள்' என்ற வேலி இல்லை.

நாவலைத் தொடங்கிவைப்பது புது மாணவன் ஷார்லைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு வகுப்பின் 'நாங்கள்'. அது சொல்லிக்கொள்ளாமலே மறைகிறது. பிறகு ஷார்லின் கண்வழி எம்மா. அதன்பின் எம்மாவின் கண்வழி ஷார்ல். அவன் முதுகும் அவன் சூப் விழுங்கும் ஓசையும் அவளுடைய எரிச்சலாகவே நம்மை வந்தடைகின்றன. இவளைக் கண்டிக்கத் தகுந்த ஒரு பாத்திரமும் நூலில் இல்லையே என்று பினார் முறையிட்டது நியாயம்தான். பாத்திரம் இல்லை; நடை இருக்கிறது. பரவசத்தின் உச்சியில் எம்மாவுக்கு நினைவு வருவது தான் படித்த நாவல்களின் நாயகிகள். அவளுடைய விடுதலையின் சொற்களே இரவல். அந்த இரவலைக் காதில் வாங்குகிறவனுக்குத் தீர்ப்பு கேட்டுவிடுகிறது.

தமிழில் எழுதுகிறவனுக்கு இது முக்கியம். நம் 'என்று' எந்த நினைப்பையும் உரியவரிடம் பத்திரமாக ஒப்படைத்துவிடும். 'இந்த ஊரில் இனி ஒன்றுமில்லை என்று நினைத்தாள்' என்றால் எழுதியவன் தப்பித்தான். 'இந்த ஊரில் இனி என்ன இருக்கிறது?' என்று மட்டும் நிறுத்தினால் கேட்பது யார் என்று வாசகன் தேடவேண்டும். ஆனால் 'என்று'வை வெட்டிவிட்டால் மட்டும் போதாது. பாத்திரத்தின் மொழியும் கதைசொல்லியின் மொழியும் முன்பே பிரிந்திருக்கவேண்டும். இரண்டும் ஒரே குரலானால், வெட்டிய இடத்தில் எதுவும் நிகழாது. வெறும் குழப்பம்தான் மிஞ்சும்.

1857 பிப்ரவரி 7இல் ஃப்ளோபேர் விடுதலையானார். அவருடைய வக்கீல் செனார், இது தீமையைக் காட்டி நன்மைக்குத் திருப்பும் நூல் என்று வாதித்திருந்தார். பினார் போலவே அவரும் நூலுக்குள் ஆசிரியரின் கட்சியைத் தேடியவர்தான். வென்ற வாதம் என்பதால் அது நல்ல வாசிப்பாகிவிடாது.